யூதாஸின் உறவினர்களைத் தேடும் ஆசிரியருக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இதுவரை வாய்மூடி இருந்தது போதும். தாங்களும், தங்கள் 'பாக்குநீரிணை முரசு' இணையத்தளமும், பல் விளக்க முன்பே அதைத் திறந்து பார்க்கும் வாசகப் பெருமக்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நான் நலமில்லை. காரணம் தாங்கள்.

எங்கள் பேசாலையில் புனித வாரத்தில் இயேசுவின் பாடுகளை ஆளுயர மரச் சொரூபங்களை வைத்துக் காட்டுவது வழக்கம். இம்முறை அவற்றை வர்ணம் பூச உப்புக்குளத்துக்குக் கொண்டுபோகும் வேலையைக் பாடுகளை நடத்தும் குழுவின் தலைவர் சிங்கராசா பங்கிட்டார். (அந்தப் பதவி எனக்கு வர வேண்டியது, அது வேறு கதை.) இயேசுவைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, கை முறிந்த யூதாஸை எனக்குத் தந்தார். தூசி படாமல் நான் வெள்ளைத் துணியால் போர்த்திக் கொண்டுபோக, கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மேலங்கிக்கென்று வாங்கிய சிவப்பு வர்ணப் பேணி கவிழ்ந்து வழியெல்லாம் சொட்ட, தங்கள் நிருபர் கைபேசியில் படம் பிடித்து 'இரத்தம் சொட்டச் சொட்டச் சடலம் கடத்தல்! அதிர்ச்சிக் காணொளி' என்று போட்டுவிட்டார். வாகன இலக்கமும் என் முகமும் வெகு தெளிவு. பொலிஸார் மறித்து, "ஆர் இது?" என்று கேட்டார்கள். பட்டதாரியாகிய நான் உள்ளதைச் சொன்னேன்: "யூதாஸ்." துணியை விலக்கிப் பார்த்துச் சிரித்து அனுப்பிவிட்டார்கள். தூரத்தில் நின்று பெயரை மட்டும் கேட்ட தங்கள் நிருபர் சிரிக்கவில்லை. மாலையில் அடுத்த செய்தி: 'கொல்லப்பட்டவர் பெயர் யூதாஸ், உறவினர்கள் தொடர்புகொள்ளவும்.'

"பொம்மை எண்டு சொல்லியிருக்கலாமே, படிச்ச மனுசன்!" மனைவி அன்ரோனெற் இன்றுவரை ஓயவில்லை.

என் மகள் ஜூலியட்டின் கலியாணத்துக்குக் கோவிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. தடை தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பது எங்கள் முறை. மூன்றாவது வாசிக்க முன்பு சிங்கராசா தங்கள் செய்தியைப் பங்குச் சுவாமியாரிடம் நீட்டி, "தடையிருந்தால் சொல்லச் சொன்னீங்கள் சுவாமி. பொம்பிளையின்ர தகப்பன் கொலைகாரன் எண்டால் அதுவும் தடைதானே?" என்றிருக்கிறார். யூதாஸை என் வாகனத்தில் தூக்கி வைத்ததே அவர்தான்! சுவாமியார் சங்கடப்பட்டு ஓலையை மடித்து வைத்துவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பன் இராசேந்திரம் தொலைபேசியில், "குறை நினையாதேங்கோ சம்மந்தி, கேஸ் முடியட்டும்" என்கிறார்.

"என்ன கேஸ்? அது மரம்!"

"மரத்திலயிருந்து இரத்தம் வருமோ? நான் கண்ணால பாத்தனான்."

மகள் அறைக்கதவைத் திறக்கிறாளில்லை.

ஒரேயொரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கும் சந்தேகத்தை வைத்து ஒரு பெண்ணின் வாழ்வை விற்றுக் காசாக்கியிருக்கிறீர்கள். விசாரியாமல் எழுதுவது செய்தியல்ல, கோள். வரும் ஞாயிற்றுக்கு முன் மறுப்பு வெளியிடுங்கள். தங்கள் வீட்டுக் கலியாணங்களை எந்த ஆசிரியரும் எட்டிப்பாராதிருக்க ஆண்டவர் அருள்வாராக.

பி.கு.: இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். சிங்கராசாவின் முற்றத்தில் படங்குச் சீலையால் மூடி நீளமாக ஏதோ கிடக்கிறது. பழைய வலை என்று எனக்குத் தெரியும். தங்கள் நிருபருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. இடம் போதாவிட்டால் மறுப்பு பிறகு வரட்டும், இதை முதலில் போடுங்கள். ஆகையால் கையெழுத்து வைக்காமலே தபாலில் சேர்க்கிறேன்.