ஏறுது பாயும் கீழ்க்கட்டளைப் புள்ளியும்

உலகத்திலேயே கம்ப்யூட்டருக்காகத் துக்கம் அனுசரித்த ஒரே மனிதர் எங்கள் ஏறுது பாய்தான்.

இரண்டாயிரங்களின் நடுவில், தாம்பரத்தில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். செயற்கைக்கோள் படங்களை வைத்து எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிடும் வேலை. கணக்குப் போடும் புள்ளியியல் நிரல் சமர்த்துதான். படத்தைத் திறக்கச் சொன்னால்தான் உயிரை வாங்கும். அத்தனை பெரிய படமும் மெமரியில் ஏறி முடிய அரை நாள் ஆகும். "பாய், ஆச்சா?" என்று எப்போது கேட்டாலும் "ஏறுது" என்பார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஏறும்போது மவுசைத் தொட்டால் எல்லாம் உறைந்துபோகும் என்று, மானிட்டரில் 'ஏறிக்கினு கீது' என்றொரு அட்டையை மாட்டிவிடுவார். ஒருநாள் முதலாளியே கை வைக்கப் போனார். "சார், கைய எடு சார்! பாதிதான் ஏறிக்கினு கீது!" என்று பாய் அலறியதில் முதலாளி கையைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டார். இன்னொரு நாள், படம் ஏறி முடியப்போகும் நேரத்தில் கரண்ட் போனது. பாய் எழுந்து நின்று, நான் கை நீட்டிய டீயைத் திருப்பி அனுப்பினார்.

"சாவு வூட்ல உக்காந்துகினு டீ கேக்குதா மச்சான் உனக்கு?"

சிரிப்பெல்லாம் அடங்கும் நாளும் வந்தது. "இந்த மாசத்துக்குள்ள வேகமாக்குங்க. இல்லேன்னா செக்‌ஷனையே மூடிடறேன்" என்றார் முதலாளி. செக்‌ஷன் என்றால் பாயும் நானும்தான். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. 

பாய்க்கு ஒரு வழக்கம். எந்தப் படம் ஏறினாலும் முதலில் கீழ்க்கட்டளை என்ற ஊரில் இருக்கும் தன் வீட்டைத் தேடுவார். கடுகளவு புள்ளி. அதற்கு ஸலாம் வைத்துவிட்டுத்தான் ஏரிக்குப் போவார். அன்றும் ஸலாம் வைக்கக் கையைத் தூக்கியவர், அந்தக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

"என் வூட்ட பாக்க எதுக்குடா மொத்த மெட்ராஸையும் ஏத்திக்கினு கீறேன்? ஏரிக்கு ஏரி மட்டும் போதும்ல?"

நிரலைத் திருத்தினார். கோப்பில் ஏரி இருக்கும் பகுதியை மட்டும் படிக்க வைத்தார். அட்டையை மாட்டுவதற்குள் படம் வந்து நின்றது. பாய் அட்டையும் கையுமாகத் திகைத்து நின்றார்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். மறுநாளே கூப்பிட்டார். "இவ்ளோ சீக்கிரம் முடியுதுன்னா ரெண்டு பேர் எதுக்கு?"

நான் வாயைத் திறக்குமுன் பாய் முந்திக்கொண்டார். "அவன் இருக்கட்டும் சார். புதுசா கல்யாணம் ஆன புள்ள."

திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் பில் போடப் போய்விட்டார். கிளம்பும்போது அட்டையை என் மானிட்டரில் மாட்டி, "கைய வெக்காத, இன்னா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாய் கண்ணை மூடிச் சில வருடங்கள் ஆகின்றன. இன்றும் அவர் காட்டிய வழியில்தான் படங்களைத் திறக்கிறேன், வேண்டிய துண்டை மட்டும். ஆனால் ஏரிக்கு முன்னால் இன்னொரு சின்னத் துண்டு ஏறும். கீழ்க்கட்டளையில் கடுகளவு புள்ளி. அதற்கு ஒரு ஸலாம் வைத்துவிட்டுத்தான் எனக்கு வேலை ஓடும்.