குதிரை ரெண்டில், ஆமை அஞ்சில்

இந்தக் கதையின் கடைசியில் நீங்கள் சிரிப்பீர்கள். நான் பொறுப்பு. ஆனால் இப்போதே பல்லைக் காட்ட வேண்டாம். முதலில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரிக்க வேண்டும். அப்பா அதைப் பிரிக்கவே அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். நீங்களும் கொஞ்சம் பொறுங்கள்.

உள்ளே இருந்தது ஒரு நெட்வொர்க் சுவிட்ச். டிபன் டப்பா அளவு. முகத்தில் எட்டு ஓட்டை; ஆபீஸ் பாஷையில் போர்ட். ஒன்றில் இணையம் நுழையும். மற்றவற்றிலிருந்து வயர் பிடித்து வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் போகும்.

"சுவிட்ச்னீங்களே, தட்டினா எந்த லைட்டு எரியும்?" என்றாள் அம்மா.

"இது அந்த சுவிட்ச் இல்லம்மா. இதுக்கு மூளை இருக்கு," என்றார் அப்பா.

"நல்லது. வீட்டுல ஒண்ணுக்காவது இருக்கட்டும்."

அப்பாவின் அவசரத்துக்குக் காரணம் ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணி. ஆன்லைன் செஸ் இறுதி ஆட்டம். எதிரி, எதிர்வீட்டுப் பல் டாக்டர். ஏற்கெனவே மூன்று தடவை ஜெயித்தவர். ஜெயித்த மறுநாளெல்லாம் கேட்டருகே நின்று, "என்ன சார், உங்க ராஜாவைப் பிடுங்கும்போது வலிச்சுதா?" என்பார். நாலாவது தடவையும் தோற்றால் அப்பா சுவரேறிக் குதித்துத்தான் வேலைக்குப் போக வேண்டும்.

தினமும் அதே அஞ்சு மணிக்கு அம்மா தையல் அறையிலிருந்து ஆன்லைனில் தையல் வகுப்பு எடுப்பாள். பதினொரு மாணவிகள்.

"உங்கம்மா க்ளாஸ்தான் நெட்டை உறிஞ்சிடுது, வாலு," என்றார் அப்பா. வாலு நான்தான். "இனிமே இந்த வீட்டு நெட்டு என் கையில!"

இணைய வயர் தையல் அறை வழியாக வருவதால் சுவிட்சும் அங்கேயே, தையல் மெஷினுக்கு மேலே அலமாரியில் குடியேறியது. அப்பா லேப்டாப்பில் அதன் முகவரியை அடித்தார். பக்கம் திறந்தது. பழைய பாஸ்வேர்டை மாற்றினார். ஒவ்வொரு ஓட்டைக்கும் பெயர் வைக்கலாம் என்று கண்டதும் பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்போல முகம் மலர்ந்துவிட்டது. தன் வயர் செருகிய ரெண்டாவதுக்கு 'குதிரை'. அம்மா வயர் செருகிய அஞ்சாவதுக்கு 'ஆமை'. பிறகு ஆமைக்கு மட்டும் வேகத்தைக் குறைத்து, சேமித்தார்.

சனிக்கிழமை வகுப்பில், ஓங்கிய கத்தரியோடும் திறந்த வாயோடும் அம்மா திரையில் அப்படியே உறைந்து நின்றாள். மேடம் யாரையோ குத்தப் போகிறார் என்று ரெண்டு மாணவிகள் அன்றைக்கு வெளியேறிவிட்டார்கள்.

"என்னங்க, படம் நிக்குது?"

"அதுவா... வெயில்ல வயர் களைச்சுப் போயிருக்கும்."

லேப்டாப்பில் பார்த்ததை நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கோபப்படவில்லை. பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்தாள்.

"உனக்கு எத்தனை குரல் வரும்?"

"பதினாலு."

"பணிவா, ஆபீஸ் ஆளு மாதிரி ஒண்ணு போதும்."

ஞாயிறு நாலு மணிக்கு, அப்பா மறந்துபோன, அம்மாவின் பழைய சிம் போட்ட போனோடு குளியலறைக்குள் நுழைந்தேன். அங்கேதான் குரல் பெரிய ஆபீஸ்போல எதிரொலிக்கும்.

"வணக்கம் சார்! சுவிட்ச் சேவை மையம். உங்க ரெண்டாவது போர்ட் சூடாகுது. அதிபுத்திசாலிகள் உபயோகிச்சா அப்படி ஆகும் சார்."

"ஆகும் ஆகும்," என்றார் அப்பா.

"ரெண்டுல இருக்கற வயரை அஞ்சுலயும், அஞ்சுல இருக்கறதை ரெண்டுலயும் மாத்திடுங்க."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "அஞ்சாவதுக்கு நான் கொஞ்சம் வேகத்தைக் குறைச்சிருக்கேன். அது அந்த வயரோடயே போயிடுமில்ல?"

போகாது. அது ஓட்டைக்கு வைத்த பூட்டு. வயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"கூடவே போகும் சார். கட்டின பொண்டாட்டி மாதிரி."

"அடடா, என்ன டெக்னாலஜி!" அப்பாவே ஸ்டூல் போட்டு ஏறி, அப்பாவே மாற்றிக்கொண்டார்.

அஞ்சு மணி. ஆட்டம் தொடங்கியது. அப்பா சிப்பாயை நகர்த்தினார். சிப்பாய் யோசித்தது. கடிகாரம் மட்டும் ஓடியது. பல் டாக்டர் எழுதினார்: 'மயக்க ஊசி போட்டாச்சா சார்?'

தையல் அறையிலோ, "மேடம், ஊசி முனைகூடத் தெரியுது!" என்று ஒரே பாராட்டு. அப்பா வாசலில் வந்து நின்றார்.

"வாங்க. பொண்ணுங்களா, இந்த சுவிட்சை வெச்சுக் கொடுத்தது சார்தான்!"

"தேங்க்ஸ் சார்!" என்றன பதினொரு குரல்கள்.

அலமாரி பக்கம் நீண்ட அப்பாவின் கை, கும்பிடாக மாறியது.

"என் கம்ப்யூட்டர் கொஞ்சம்... நகரமாட்டேங்குது."

"அதுக்கென்ன, இங்கயே தூக்கிட்டு வாங்க. கத்தரிக்கிற மேஜைல ஒரு ஓரமா உக்காந்து ஆடுங்க. ரெண்டாவது வயரை ஒரு மணி நேரம் உங்களுக்குத் தரேன். நான் போன்ல க்ளாஸ் எடுத்துக்கறேன். குதிரை உங்களுக்குத்தானே முக்கியம்?"

"ஆமாம்மா, ரொம்ப..."

அப்பா வாசல்வரை நடந்தார். நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

"குதிரைன்னு உனக்கு யாரு சொன்னா?"

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பார்வை அவளை விட்டுவிட்டு, மெஷின் பக்கத்தில் நின்ற என் தொண்டையில் வந்து நின்றது.