பெரியவரின் பித்தப்பை

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். குடும்பத்தில் யாராவது சௌக்கியமாக இருக்க வேண்டும், அது நானில்லை.

படை மருத்துவமனைக்கு என் தம்பிதான் தலைவன் என்று பார்த்தவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டாயே, அந்தப் பெருமையை இன்றோடு மூட்டை கட்டிவிடு. எங்கள் மருத்துவப் படை முழுவதற்கும் தலைவர் ஒருவர் இருக்கிறார், பெரியவர் என்போம்; மருத்துவ விஷயத்தில் அவருக்கு மேலே யாரும் கிடையாது. போர் வந்தால் காயம்பட்டவனை எங்கே சேர்ப்பது, மருந்தை எந்த வழியாக அனுப்புவது என்று வியூகம் வகுக்கிறவர். அவருக்குப் பித்தப்பையில் கல். என் மருத்துவமனையில்தான் படுத்திருக்கிறார். ஆபரேஷனுக்கு முன்னால் வெறும் வயிறாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் எங்கள் வழக்கப்படி கீழே இருப்பவன் மேலே இருப்பவருக்கு உத்தரவு போட முடியாது, வேண்டுகோள்தான் வைக்கலாம். மயக்க மருந்து டாக்டர் வேண்டுகோள் வைத்தார். பரிசீலிப்பதாகச் சொல்லிவிட்டுப் பெரியவர் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டார். அடுத்த நாள் நான் போய் விறைப்பாக நின்றபடி கெஞ்சினேன். ஆலோசனைக் கூட்டம் போடச் சொன்னார். கட்டிலைச் சுற்றியே போட்டோம். கூட்டம் என்றால் டீயும் பிஸ்கட்டும் வர வேண்டும் என்பது விதி. வந்தது. தின்றார்.

சரி, வியூகத்துக்கு வியூகம் என்று போர்க்காலப் பயிற்சி ஒன்று அறிவித்தேன்: அதிகாரிகள் வார்டின் சமையலறையை எதிரி குண்டு போட்டு அழித்துவிட்டான், காலை வரை யாருக்கும் சாப்பாடு கிடையாது. பெரியவருக்கு வாயெல்லாம் பல். இதுதான்யா தலைமை என்று முதுகில் தட்டினார். காலையில் போய்ப் பார்த்தால், எலும்பு முறிவு வார்டு வழியாக மாற்றுப் பாதை அமைத்து, காலில் கட்டுப் போட்ட சிப்பாய்களைச் சக்கர நாற்காலியில் அனுப்பி, வார்டு முழுவதற்கும் கேக் வரவழைத்திருக்கிறார். வாயைத் துடைத்துக்கொண்டே, "எதிரி தோத்துட்டான்" என்றார். எதிரி நான்தான் அக்கா.

சிரிக்காதே. அவருக்கு ஜுரம் ஏறிக்கிட்டே போகுது, பித்தப்பை சீழ் பிடிச்சிடுச்சு, இன்னும் தள்ளிப்போனா உள்ளேயே உடைஞ்சிடும். வலியில பல்லைக் கடிச்சிக்கிட்டு மருந்து லாரியைப் பத்திப் பேசறார், பார்க்கவே பாவமா இருக்கு. நல்ல மனுஷன் கேக்கால சாகப்போறார், நான் பக்கத்துல சல்யூட் அடிச்சிக்கிட்டு நிக்கப்போறேன். இந்தப் பொழப்பே வேண்டாம்னு ராஜினாமா எழுதி அவர் ஆபீசுக்கு அனுப்பிட்டேன். அத்தான் கிளினிக்ல ஒரு மூலையில நாற்காலி போட்டா போதும், சளி இருமல் பார்த்துக் காலத்தை ஓட்டிடுவேன். யார் சொன்னாலும் இந்த முடிவு மாறாது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள், படையில் சேருகிற பேச்சை எடுத்தால் காலை ஒடித்துவிடுவேன் என்றும் சொல்.

இப்படிக்கு,
நொந்து நூலாகிப்போன தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார். "எனக்கு உத்தரவு போட என்னைவிடப் பெரிய ஆள் வேணும், அவ்வளவுதானே?" என்றார். மேலிடத்தில் பேசி, தான் ஓய்வு பெற்றுக்கொண்டு, தன் பதவியை எனக்குக் கொடுக்க வைத்துவிட்டார். வாயைக் கட்டுங்கள் என்று உத்தரவிட்டேன்; படுத்தபடியே சல்யூட் அடித்தார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பதவியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்று உத்தரவு போட்டால், "நான் இப்ப சாதாரண ஆள், உன் உத்தரவு என்கிட்ட செல்லாது" என்று சிரிக்கிறார். அவருடைய மேஜையில் போய் உட்கார்ந்தேன். முதல் தாளாக என் ராஜினாமா இருந்தது. மாற்று ஆள் கிடைக்காமல் ஏற்க விதியில்லை. நிராகரித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அக்கா.