கொடித்தோடை ரீச்சரும் ஒரு லொறிக் கன்றுகளும்

கொடித்தோடை ரீச்சருக்கு மனித முகங்கள் ஞாபகத்தில் நின்றதே இல்லை. வருடக்கணக்காகப் பக்கத்து வளவில் குடியிருந்த என்னையே சந்தையில் கண்டால், "நீங்க ஆர் புள்ள?" என்று கேட்பார். ஆனால் பாஷன் பழம் என்கிற கொடித்தோடையின் இனத்தில் எந்தக் கொடியாக இருந்தாலும் சரி, ஓர் இலையைக் கிள்ளிக் கண்ணுக்கு முன்னால் நீட்டினால் போதும். அதன் குலம் கோத்திரம் முழுவதையும் ஒப்புவித்துவிடுவார். மட்டக்களப்பு வாவிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் அவருக்கு நிகராக இன்னொருவர் பிறக்கவில்லை. அவர் எங்கள் நாவற்குடா ஒழுங்கையில் குடியிருந்தது எங்களுக்கு ஒரு பட்டம் மாதிரி.

உயர்தர வகுப்புக்குத் தாவரவியல் படிப்பித்தார். கல்யாணம் கட்டவில்லை. கழுத்தில் மற்றப் பெண்களுக்குச் சங்கிலி தொங்கும். இவருக்கு நூலில் கட்டிய பூதக்கண்ணாடி தொங்கும். வீட்டைச் சுற்றி வேலி என்று ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். கொடி மூடியிருந்ததால் அதை நாங்கள் யாரும் கண்டதில்லை.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது, படித்த மனுசி என்று ரீச்சரையும் அம்மா கூட்டிப்போனார். திரும்பி வந்ததும் நாங்கள் சூழ்ந்துகொண்டோம்.

"எப்பிடி ரீச்சர்?"

"நாலு மூலைத் தண்டு கா! தடவினா நாலு பக்கமும் செட்டை மாதிரி விளிம்பு. இலையில பிளவே இல்ல, முழுசா ஒரே தட்டு. காய் எங்கட பூசணியளவு வரும்!"

"மாப்பிள்ளை, ரீச்சர்?"

சற்று யோசித்தார். "ஓம், அவரும் வந்து நிண்ட மாதிரித்தான் இருந்திச்சு."

அக்கா அந்த மாப்பிள்ளையைத்தான் கட்டினாள். சீதனம் இங்கிருந்து அங்கே போனது. அந்தக் கொடியில் ஒரு துண்டு அங்கிருந்து ரீச்சரின் வேலிக்கு வந்தது.

போர்க்காலத்துச் சோதனைச் சாவடியிலும் அவர் அவர்தான். பையைத் திறந்த சிப்பாய், உள்ளே சுருண்டு கிடந்த கொடிகளைக் கண்டு, "இது என்ன?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் அதட்டினான். ரீச்சர் பூதக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்தார். இலை காம்போடு சேருகிற கழுத்தைக் காட்டி, அதில் இருந்த பருக்களை எண்ணச் சொன்னார். பின்னால் ஒரு பஸ் சனம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. துவக்கைத் தோளில் சரித்துவிட்டு அவன் எண்ணினான். அதற்குப் பிறகு ரீச்சரைத் தூரத்தில் கண்டாலே இரண்டு விரலை உயர்த்தி, "ரெண்டு! ரெண்டு!" என்று கத்துவான். ரீச்சர் என்னிடம் மெல்லக் கேட்பார்: "ஆர் புள்ள இந்தப் பொடியன்?"

பிறகு கடல் வந்தது.

அன்று எங்கள் ஒழுங்கையில் வீடுகளும் போயின, ஆட்களும் போயினர். ரீச்சர் என் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாவிப் பக்கம் ஓடினார். அம்மாவை வேறு யாரோ என்று அவர் நினைத்திருக்கவும் கூடும். கையை மட்டும் விடவில்லை.

நாங்கள் திரும்பிப் போனபோது, வேலி இருந்த இடத்தில் யாருடையதோ ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் ரீச்சர் உட்கார்ந்தார். பின்னேரம் நான் போய்க் கூப்பிடும்வரை அப்படியே இருந்தார். அதற்குப் பிறகு, நாங்கள் தங்கியிருந்த முகாமிலிருந்து தினமும் வந்து அந்த மணலைப் பார்த்துவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்து, உப்பு ஊறிய அந்த மணலில் ஒரு கொடி தலைகாட்டியது. ரீச்சர் முழங்காலிட்டு, இலையைக் கசக்கி மோந்தார். முகம் சுளித்தது. அடுத்த நிமிடம் சிரிக்கத் தொடங்கினார்.

"நாத்தம் பிடிச்சவள்! தண்டெல்லாம் மயிர். காய்ச்சா பச்சை வலையால காயச் சுத்தி மூடி வச்சிருப்பாள். அத்தனை நல்ல சாதியும் செத்துப் போச்சு, இவள் மட்டும் எழும்பி வாறாள் பாருங்கவன்!"

கடல் வந்த பிறகு எங்கள் ஒழுங்கையில் கேட்ட முதல் சிரிப்பு அது. செய்தி பரவியதும் சித்தாண்டியிலிருந்து பழைய மாணவி ஒருத்தி கொடித்தோடைத் துண்டுகளோடு வந்தாள். அக்கா நாலு மூலைத் தண்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். போர் முடிந்தபோது வேலி மறுபடியும் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது.

அந்த வருடந்தான் வாவிக்கு அக்கரையில் இருக்கிற பழுகாமத்துக்கு லொறி வந்தது. இடம்பெயர்ந்து திரும்பியிருந்த பெண்களுக்கு வாழ்வாதாரமாகக் கொடித்தோடைக் கன்று கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ரீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பெண்கள் வரிசையில் நின்றார்கள். ரீச்சர் ஒரு கன்றைத் தூக்கினார். பூதக்கண்ணாடி மேலே போனது, கீழே வந்தது.

"இது கொடித்தோடை இல்ல."

பொறுப்பாக வந்திருந்த இளம் உத்தியோகத்தர் பதறினார். "இலையில மூண்டு மடல் இருக்கே ரீச்சர்?"

"மூண்டு மடல் இருந்தா கொடித்தோடையா? உங்களுக்கும் ரெண்டு கண், கோழிக்கும் ரெண்டு கண். கொடித்தோடையெண்டா விளிம்பு பல்லுப் பல்லா இருக்க வேணும். இது வழவழ எண்டு கிடக்கு. பரு ரெண்டும் கழுத்தில இல்ல, காம்பு நடுவில முளைச்சிருக்கு. அடித்தண்டு தக்கை மாதிரி வெடிக்கத் தொடங்கிட்டுது. இது பத்தைக்குள்ள கிடக்கிற காட்டுச் சாதி. கறுத்த மணியாக் காய்க்கும், குருவி தின்னும்."

வரிசையின் முன்னால் நின்ற பாக்கியம் என்ற பெண் வெடித்தாள். "நீங்க கண்ணாடியால பாத்துட்டுப் போயிருவீங்க ரீச்சர்! மாரி வரப்போகுது. இந்த லொறி போனா மறுகா எங்களுக்கு ஒரு லொறி வருமா?"

ரீச்சர் கன்றைக் கீழே வைத்தார். பிறகு உத்தியோகத்தரிடம் திரும்பினார்.

"தம்பி, லொறிய நாவற்குடாவுக்கு விடுங்க."

வேலியில் படர்ந்திருந்த கொடி முழுவதையும் வெட்டினோம். பழங்களைப் பிசைந்து விதை எடுத்தோம். கொடிகளைத் துண்டாக்கி மண்ணில் ஊன்றினோம். ஒழுங்கையே வந்து வேலை செய்தது. உத்தியோகத்தர் சட்டைக் கையை மடித்துவிட்டு எரு குழைத்தார். வேர் பிடித்ததும் அதே லொறி அவற்றைப் பழுகாமத்துக்கு ஏற்றிப் போனது. அங்கேயும் ரீச்சர் சும்மா கொடுக்கவில்லை. ஒவ்வொருத்தியும் இலையைத் தடவி அடையாளம் சொன்ன பிறகுதான் கன்று கைமாறியது.

பாக்கியம்தான் முதலில் பிடித்தாள். "கழுத்தில ரெண்டு பரு. விளிம்பில நெல்லறுக்கிற தாக்கத்திப் பல்லு!"

"சரி புள்ள! நீ பாஸ்."

அந்தக் கொடிகள் காய்த்தபோது பழுகாமத்தில் வீட்டுக்கு வீடு பந்தல். கொழும்பிலிருந்து பழம் வாங்க வந்த வியாபாரியைப் பாக்கியம் பந்தலுக்குள் கூட்டிப்போய், பருவையும் பல்லையும் காட்டி முடிக்கும்வரை விலை பேச விடவில்லை. ரீச்சருக்குக் கொடித்தோடைப் பூவிலேயே மாலை கட்டிப் போட்டார்கள். கை தட்டி முடிவதற்குள், மாலையில் ஒரு பூவைப் பிய்த்து ரீச்சர் மகரந்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே சிரித்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து ரீச்சர் நித்திரையாகிப் போனார். கழுத்தில் மாலை நசுங்கியது. என் தோளும் மரத்துப்போனது. நாவற்குடா வரும்வரை நான் அசையவில்லை.