திருவுக்கும் மதிக்கும் நடுவே

"நீங்க கேக்கலேன்னா நானே வந்து கேட்டுருவேன்" என்று போன வாரம் கீர்த்தனா சொல்லியிருந்தாள்.

"நீ வேற ஏன் தாயி? எழுதிக் குடுத்துர்றேன்."

"ரெண்டு வருசமா இதத்தான சொல்றீங்க?"

அந்தப் பேச்சு பிரபுவின் காதிலேயே நின்றது. மனைவி கீர்த்தனா எரியோட்டில், ஐந்து மாதக் கர்ப்பிணி. அவன் நெடுந்தொலைவு தள்ளி, தொப்பம்பட்டியில், ஒரு விதைக் கம்பெனியின் கிளையில் கிளார்க். வாரம் ஒருநாள்தான் வீடு. இப்போது வடமதுரைக் கிளையில் ஓர் இடம் காலி. மாறுதல் கிடைத்தால் தினமும் வீட்டிலிருந்தே போய்வரலாம். மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மேனேஜரை நினைத்தால்தான் பயம். பெயர் மதி. திண்டுக்கல் தலைமை அலுவலகத்துக்கு வந்து ஒரு மாதமாகியும் தொப்பம்பட்டியில் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. பார்த்தது அவருடைய சிவப்பு மையைத்தான். பக்கத்து மேசை ஸ்டான்லியின் லீவு லெட்டர் போன வேகத்தில் திரும்பி வந்திருந்தது. 'ஐயா' என்ற சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். ஓரத்தில், 'யாருக்கு எழுதுகிறோம் என்பதை அறிந்து எழுதவும்.'

"வெறும் ஐயா பத்தலையாம் மாப்ள. பெரிய கோவக்கார மனுசன் போல" என்றான் ஸ்டான்லி.

வீட்டில்கூடப் பிரபு அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'மேனேஜர்' என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

திங்களன்று மேனேஜரே கிளைக்கு வருவதாகச் செய்தி. சனிக்கிழமை கம்ப்யூட்டரில் 'உயர்திரு மதி அவர்கள்' என்று அடித்தான். தாளில் வந்தபோது நடுவில் இருந்த இடத்தைக் காணோம். 'உயர்திருமதி அவர்கள்' என்று இருந்தது.

"ஆம்பளையப் பொம்பளையாக்கிட்டியேலே. வேல போயிரும்" என்று ஸ்டான்லி அதைக் கிழித்துப் போட்டான்.

திருவுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தால் தீர்ந்தது என்று கையாலேயே எழுதினான். அவசரத்தில் புள்ளி 'ம'வின் தலைமேல் போய் உட்கார்ந்தது. 'திரு ம்தி.' வாய்விட்டுப் படிக்கவே முடியவில்லை.

திருவே வேண்டாம் என்று முடிவானது. உருக்கமாக எழுதினால் மனுசன் இளகுவான் என்று ஸ்டான்லி சொல்லச் சொல்லப் பிரபு எழுதினான்.

'அன்புள்ள மதி, இரண்டு ஆண்டுகளாகத் தனிமையில் வாடுகிறேன். தாங்கள் மனது வைத்தால் என் வாழ்வில் விளக்கு எரியும்.'

எழுதியதும் அவனுக்கே வியர்த்துவிட்டது. மேனேஜரைப் போய் அன்புள்ள என்பதா? தாளை மடித்துச் சட்டைப் பையில் ஒளித்தான். கடைசியாக ஒன்று எழுதினான். உயர்திரு என்று போட்டு, இரண்டு விரல் இடம் விட்டு, மதி என்று போட்டு, கீழே 'பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே' என்று முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனா அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையைத் துழாவிவிட்டுத்தான் நனைத்தாள். திங்கள் காலை அவன் கிளம்பும்போதுதான் கேட்டாள்.

"ஒங்க ஆபீஸ்ல மதின்னு யாரும் இருக்காங்களா?"

பிரபுவுக்குச் சோற்றுப்பொட்டலம் கை நழுவியது. "இன்னைக்குத்தான் வர்றாங்க. ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றவன், பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். அவன் திரும்பிப் பாராமல் போவதையே அவள் பார்த்தாள்.

பதினொரு மணிக்குக் கிளை வாசலில் கார் நின்றது. பருத்திச் சேலையும் கையில் சிவப்புப் பேனாவுமாக மேனேஜர் மதி இறங்கினார்.

ஸ்டான்லி சிலுவை போட்டுக்கொண்டான். பிரபுவின் கையில் இருந்த 'ஐயா' வியர்வையில் நனைந்தது.

"கையில ஏதோ லெட்டர் வச்சிருக்கீங்களே, குடுங்க" என்றார் மதி.

பிரபு தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "ஒண்ணுமில்லீங்க ஐயா" என்று உளறினான்.

மதியின் புருவம் உயர்ந்தது. அந்நேரம் வாசலில் செருப்புச் சத்தம். அடுத்த பஸ்ஸிலேயே வந்திருந்த கீர்த்தனா, மடித்த தாளும் கையுமாக மூச்சு வாங்க நின்றாள்.

"இங்க மதிங்கறது யாரு?"

"நான்தான். சொல்லும்மா."

கீர்த்தனா அவரைத் தலை முதல் கால்வரை பார்த்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவு ஒன்றும் வாயில் வரவில்லை. ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். எம் புருசன எங்கிட்டயே அனுப்பி விட்ருங்க."