சிங்காரம் தன் வேலைப்பாணியைத் தேடிய கதை

ஒரு காட்டில், குளத்தங்கரைக் கருவேல மரத்தில், சிங்காரம் என்றொரு தூக்கணாங்குருவி இருந்தான். மழைக்கு முன் அவன் கூடு பின்னி முடிக்க வேண்டும். முடித்தால்தான் பெண்குருவி மரகதம் அவனைக் கட்டிக்கொள்வாள். காலையெல்லாம் கிளையில் ஊஞ்சலாடுவான்; வெயில் சாய்ந்ததும் வெறிபிடித்தவன் போல நார் கிழித்துப் பின்னுவான். இப்படியே பாதிக் கூடு முடிந்தும்விட்டது.

அப்போதுதான் காட்டில் நேர மேலாண்மைப் பயிற்சி முகாம் போட்டார்கள். நடத்த வந்தது குயில் மேடம்.

"எல்லாருக்கும் ஒரே முறை ஒத்துவராது. உங்க வேலைப்பாணி என்னன்னு முதல்ல கண்டுபிடிங்க" என்று ஒவ்வொருவர் அலகிலும் ஒரு படிவத்தைச் செருகினாள். மொத்தம் நாற்பத்தெட்டுக் கேள்விகள்.

பக்கத்துக் கிளைத் தூக்கணாங்குருவி இருளப்பன் கேட்டான்: "மேடம், உங்க கூடு எந்த மரத்துல இருக்கு?"

"அந்த வேலையைக் காக்காகிட்ட ஒப்படைச்சிட்டேன். அதுக்குப் பேரு பொறுப்புப் பகிர்வு."

கூட்டமே சிறகு தட்டியது. இருளப்பன் மட்டும் படிவத்தை நீளநீளமாகக் கிழித்து, தன் கூட்டில் செருகப் பறந்துவிட்டான்.

சிங்காரம் இரண்டு நாள் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினான். பிறகு முறைகளில் இறங்கினான். மரங்கொத்தி முறைப்படி இருபத்தைந்து பின்னல், ஐந்து நிமிட ஓய்வு, ஓய்வில் தூங்கிப்போனான். கொக்கு முறைப்படி ஒற்றைக்காலில் நின்று ஒரே வேலையில் கவனம் வைத்தான்; நார் இழையை அழுத்திப் பிடிக்க இன்னொரு கால் இல்லை. எறும்பு முறைப்படி வேலைகளைப் பட்டியல் போட்டான். பட்டியல் கூட்டைவிட நீளமாகத் தொங்கியது. இன்னும் எட்டு முறைகளைப் பார்த்தான். ஒவ்வொன்றும் சொதப்பியபோது அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை. தன்னைப் புரிந்துகொண்டே வருகிறானாம்!

மரகதம் வந்து பார்த்தாள். "மேகம் இறங்கிடுச்சு. கூடு ஏன் அப்படியே கிடக்கு?"

"இரு மரகதம். என் பாணி மட்டும் தெரிஞ்சிட்டா ஒரே நாள்ல முடிச்சிடுவேன்."

"உன் பாணிதான் எனக்கே தெரியுமே. காலையில ஊஞ்சல், சாயங்காலம் பின்னல். நல்லாத்தானே போச்சு?"

சிங்காரத்துக்குச் சுருக்கென்றது. "அது பாணி இல்ல, சோம்பேறித்தனம். படிவத்துல அப்படி ஒரு கட்டமே கிடையாது."

மறுநாள் மழை கொட்டியது. காற்றில், பாதியில் நின்ற கூடு பிய்ந்து குளத்தில் விழுந்தது. மரகதம் இருளப்பன் கூட்டுக்குக் குடிபோய்விட்டாள். சிங்காரம் நனைந்து, ஓர் இலைக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தான்.

அந்நேரம் குயில் மேடம் பக்கத்து இலைக்கடியில் ஒதுங்கினாள். "எத்தனை முறைகளை முயற்சி பண்ணீங்க?"

"பதினொண்ணு மேடம். எதுவும் ஒத்துவரல."

"பதினொண்ணா! இந்தக் காட்டுல இவ்வளவு அனுபவம் வேற யாருக்கு இருக்கு?"

மழைக்காலம் ஓய்ந்ததும் அடுத்த முகாம் கூடியது. மேடையில் பயிற்சியாளர் சிங்காரம். இருளப்பனையும் கூப்பிட்டிருந்தார்கள். குஞ்சுகளுக்கு இரை தேடணும், நேரமில்லை என்று சொல்லியனுப்பிவிட்டான்.

"பாவம், நேரத்தை நிர்வகிக்கத் தெரியாத பிறவி" என்று சிங்காரம் உச்சுக்கொட்டினான். கூட்டமும் உச்சுக்கொட்டியது.

நீதி: நேரத்தைப் பாழாக்கியவனுக்குத்தான் நேரத்தைப் பற்றிப் பாடம் நடத்த நேரம் இருக்கும்.