ஆமை முதுகில் கொம்புச் சின்னம்

ஒரு காட்டில், அது எந்தக் காடு என்று சொன்னால் அப்புறம் அந்தப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது, ஆகவே பொதுவாக ஒரு காட்டில், ஒரு ஆறு ஓடியது. ஆறு ஓடினால் இக்கரை, அக்கரை என்று இரண்டு கரை இருக்கும். இரண்டு கரை இருந்தால் இரண்டு கட்சி இருக்கும். இங்கே கொம்பர் கட்சி, வாலர் கட்சி. கொம்புதான் மானம் என்றது முதல் கட்சி. வால்தான் மானம் என்றது மற்றது. கொம்பும் வாலும் சேர்ந்தே இருந்த காளை மட்டும் எந்த ஆட்சி வந்தாலும் மந்திரியாக இருந்தது.

இக்கரையில் சன்னாசி என்றொரு ஆமை, தன் மனைவி கோமுவோடு வாழ்ந்துவந்தார். அவருக்குக் கொம்பு கிடையாது. வால் என்று ஒன்று உண்டு, ஆனால் அதை வைத்து அரசியல் செய்ய முடியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கீரை, வெயில், தூக்கம். பக்கத்துப் புற்றில் சுடலை என்ற கீரி இருந்தார். கீரிக்கு ஆமை முட்டை என்றால் உயிர் என்பது உலகத்துக்கே தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் கோமு ஆற்று மணலில் முட்டையிட்டுப் புதைத்தால், சுடலை அதன் மேலேயே படுத்து நரியிடமிருந்து காவல் காப்பார். பதிலுக்கு அவர் பிள்ளைகள் சன்னாசியின் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடும். பக்கத்து வீடு என்றால் அப்படித்தான் இருந்தது, தேர்தல் வரும்வரை.

அந்தக் காட்டில் தேர்தலுக்கு முன்னால் சுவர் பிடிப்பது ஒரு வழக்கம். பாறை, மரம், புற்று, எது கண்ணில் பட்டாலும் முதலில் போகிறவன் வெள்ளையடித்து, 'இந்தச் சுவர் முழுவதும் நம்ம கட்சிக்கு' என்று எழுதி வைத்துவிடுவான். சுவருக்குச் சொந்தக்காரனிடம் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் கேட்டதில்லை. அப்போது இக்கரையில் கொம்பர் ஆட்சி. அவர்களுடைய காட்டாட்டுப் பையன்கள் ஒரு விடியற்காலையில் பிரஷ்ஷோடு வந்தார்கள். சன்னாசி தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நல்ல வழவழப்பான பாறை என்று பையன்கள் சந்தோஷப்பட்டு அவர் முதுகில் பெரிய கொம்பாக ஒன்று வரைந்து, 'உங்கள் சின்னம் கொம்பு' என்று எழுதிவிட்டுப் போனார்கள். கோமுவின் முதுகை விட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர் எந்தப் பக்கமோ வீட்டுக்காரியும் அந்தப் பக்கம்தானே என்று பெயிண்டை மிச்சம் பிடித்தார்கள்.

கண் விழித்த சன்னாசியிடம் கோமு விஷயத்தைச் சொன்னாள்.

"போகுது விடு. எனக்கென்ன தெரியவா போகுது" என்றார் அவர்.

அவருக்குத் தெரியவில்லை, ஊருக்குத் தெரிந்தது. தண்ணீர்த் துறையில் முயல் வழிவிட்டு நின்றது. மந்திரியைப் பார்த்ததுபோல அணில் கும்பிட்டது. சுடலையோ, "அண்ணாச்சி, நீங்க நம்ம ஆளுன்னு முன்னாலயே சொல்லக்கூடாதா?" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார். சன்னாசிக்கும் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

தேர்தல் முடிந்தது. ஐந்து வருஷம் கொம்பைப் பார்த்துச் சலித்த இக்கரைக்காரர்கள் வாலுக்குப் போட்டார்கள். வாலைப் பார்த்துச் சலித்த அக்கரைக்காரர்கள் கொம்புக்குப் போட்டார்கள். இரண்டு கரையும் ஒரே நாளில் கட்சி மாற்றிக்கொண்டன, துன்பம் மட்டும் அங்கங்கே அப்படியே இருந்தது.

மத்தியானத்துக்குள் இக்கரை முழுக்க வால் படம். முயல் இரண்டு நிறப் பெயிண்டும் வாங்கி வைத்துக் காத்திருந்ததாம், விவரமான குடும்பம். எல்லாரும் தங்கள் சுவரைத் தாங்களே சுரண்டி, தாங்களே எழுதிக்கொண்டார்கள். சன்னாசிக்குத்தான் தன் முதுகு தனக்கு எட்டவில்லை. கோமுவின் கை அவள் முகத்துக்கே சரியாக எட்டாது. ஆற்றில் முங்கிப் பார்த்தார். போகவில்லை. அந்தக் கட்சியில் வாக்குறுதியைத் தவிர மற்றதெல்லாம் கெட்டி. மரத்தில் உரசிப் பார்த்தார். மரத்திலும் வால் படம் இருந்ததால், அதை அழிக்கப் பார்த்தார் என்று ஒரு புகார் கிளம்பியது.

யாராவது கல்லும் மணலும் வைத்து ஒரு தேய் தேய்த்துவிட்டால் போதும். முயலிடம் போனார்.

"தேய்ச்சு விடலாம் அண்ணாச்சி, அதுல ஒண்ணுமில்ல" என்றது முயல். "ஆனா எல்லாரும் மாறிட்டா நாங்க யாரைத் திட்டுதது? கரையில ஒரு எதிரியாவது மிச்சம் இருக்கணும்லா?"

அன்றிலிருந்து தண்ணீர்த் துறையில் சன்னாசிக்கு இடமில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆமை வாரக்கணக்கில் தண்ணீரில்லாமல் இருக்கும். ஆனால் கோமு நிறைசூலியாக இருந்தாள். இந்த முறை முட்டை நிறைய என்று வயிறே சொன்னது. அந்த நேரம் பார்த்துச் சுடலை வாசலில் வந்து தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் கெடையாது. கோமு மைனி கையால எத்தனை நாள் கீரை வாங்கித் தின்னுருக்கோம்."

"சரி, சொல்லு."

"இந்தத் தடவை முட்டைக்குக் காவல் இருக்க முடியாது."

"அதனால என்ன, நாங்களே பாத்துக்கிடுதோம்."

"அது மட்டுமில்ல அண்ணாச்சி. கொம்பர் கட்சிக்காரன் முட்டை பக்கத்துலயே கெடக்க, ஒரு கீரி திங்காம விட்டா என்னையல்லா சந்தேகப்படுவாவ? எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு. நான் தின்னுதான் ஆகணும். தப்பா நினைச்சுக்கிடாதிய."

சுடலை அழுதேவிட்டார். நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்.

"அக்கரைக்குப் போயிருவோம்" என்றாள் கோமு. "அங்க இப்ப கொம்புதான். உங்க முதுகப் பாத்து யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

ஆமைக்கு வீடு மாறுவது சுலபம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், வீட்டை முதுகிலேயே சுமக்கிறதாம். சுமக்கிறவனிடம் யாரும் கேட்பதில்லை. அதிலும் வயிற்றில் முட்டையோடு கோமு பாறைக்குப் பாறை ஏறி இறங்கியபோது, சன்னாசி ஒவ்வொரு பாறையிலும் நின்று பின்னாலிருந்து முட்டுக்கொடுத்தார்.

ஆற்றின் நடுப்பாறையில் எதிரே ஒரு குடும்பம் வந்தது. ஆவுடையப்பன் என்ற எறும்புதின்னி, அவர் மனைவி, அவள் வாலில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. ஆவுடையப்பனின் செதில் முதுகில் பெரிதாக வால் படம். அவரும் தூங்கும்போது சுருண்டு படுப்பவர். அக்கரை வாலர் கட்சிக்காரர்கள் அவரை உருண்டைக்கல் என்று நினைத்துவிட்டார்கள்.

"அக்கரைக்கா?" என்றார் ஆவுடையப்பன்.

"ஆமா. நீங்க இக்கரைக்கா?"

"வேற என்ன செய்ய."

கோமு சன்னாசியின் காலை மிதித்தாள். "ஏங்க, அவரு நகத்தப் பாத்தியளா? ஒரு இழுப்பு இழுத்தா உங்க முதுகு சுத்தமாயிரும். நீங்க ஒரு கல்ல எடுத்து அவருக்குத் தேய்ங்க. ரெண்டு குடும்பமும் அவங்கவங்க வீட்டுக்குத் திரும்பிரலாம். கேளுங்க."

பழைய காலத்துக் கதையாக இருந்தால் இந்த இடத்தில் இருவரும் கட்டிப்பிடித்து, மாறி மாறி முதுகு தேய்த்து, ஒற்றுமையே பலம் என்று முடித்திருப்பார்கள். நானும் அப்படி முடிக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் சன்னாசி, ஆவுடையப்பனின் முதுகைப் பார்த்தார். ஆவுடையப்பன், சன்னாசியின் முதுகைப் பார்த்தார்.

'ஒரு வால்காரன் கை என் முதுகுல படுததா?' என்று சன்னாசிக்குத் தோன்றியது. பிறந்ததிலிருந்து கொம்பே இல்லாத அந்த மனிதருக்கு, அதாவது அந்த ஆமைக்கு, அன்றைக்குத்தான் கொம்பு முளைத்தது. ஆவுடையப்பனுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "உங்க ஆளுங்களாலதான் நாங்க வீட்ட விட்டுப் போறோம்" என்று முணுமுணுத்தார். "எங்க நிலைமைக்கு யாரு காரணமாம்?" என்றார் சன்னாசி. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பாறையில் இடித்துக்கொண்டு இரண்டு குடும்பமும் எதிரெதிராகப் போனது.

அக்கரையில் வீடு பிடித்துக் கொடுப்பது ஒரு பெருச்சாளி. தூரத்தில் வரும்போதே கையை விரித்தது.

"ஆமைக்கு வீடு கெடையாது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

சன்னாசி பெருமூச்சு விட்டுத் திரும்பினார். முதுகு தெரிந்தது.

"அடடா! நம்ம ஆளா!" பெருச்சாளி ஓடிவந்து காலைத் தொட்டது. "இதை மொதல்ல சொல்லப்படாதா? பழமொழி சொன்னது வாலர் கட்சி ஆமையை."

நல்ல ஆழமான வளை ஒன்றை ஒதுக்கினார்கள். காலையில்தான் காலியானதாம். உள்ளே படுக்கை இலை இன்னும் சூடாக இருந்தது. மூலையில் ஒரு குட்டிச் செதில் கிடந்தது, பிள்ளை உரசி விளையாடும்போது உதிர்ந்திருக்கும். கோமு அதை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். சன்னாசி அதைப் பார்க்கவில்லை, அவர் வாசலில் மாலையை வாங்கிக்கொண்டிருந்தார்.

அக்கரைக் கீரி, சுடலையின் சகலை. முட்டைக்குத் தானே காவல் இருப்பதாகக் கொம்பின் மீது சத்தியம் செய்தார். அவருக்கும் கொம்பு கிடையாது. இக்கரைக் கொடுமைக்குத் தப்பிய தியாகி என்று சன்னாசியை மேடை மேடையாகத் தூக்கிப் போனார்கள். அவரும் பேசப் பேச அந்தக் கொடுமை வளர்ந்தது. சுடலை அழுததை மட்டும் அவர் எந்த மேடையிலும் சொல்லவில்லை.

ஒரு நாள் மணல் திட்டில் கொம்பர் கட்சிக்குக் கொடிமேடை கட்டினார்கள். சுற்றிக் கல் அடுக்கி, நடுவில் மணல் கொட்டி, கம்பம் நட்டு, தியாகி கையாலேயே கொடியேற்றினார்கள். பிரியாணி வந்துவிட்டது என்று எவனோ கத்தியதும் மொத்தக் கட்சியும் பொட்டலத்துக்கு ஓடியது. அந்த நேரத்தில் கோமு மட்டும் மேடைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"முட்டை போட்டுட்டேன்" என்றாள்.

"எங்க? கீரிகிட்ட சொல்லணும்லா, காவலுக்கு."

"சொல்ல வேண்டாம். நல்ல எடமாத்தான் வச்சிருக்கேன்."

சன்னாசிக்கு அடுத்த மேடைக்கு நேரமாகிவிட்டது. அதற்குமேல் கேட்கவில்லை.

வானம் கறுப்பதற்குள் மழை வரும் சில ஊர்களில். இங்கே மழைகூட இல்லை, காளை ஒரு நாள் காலையில் வாலை ஆட்டியது, அவ்வளவுதான். மக்கள் நலனுக்காக வாலர் கட்சியில் சேர்ந்துவிட்டதாகவும், தன்னோடு அக்கரையும் சேர்ந்துவிட்டதாகவும் அறிவித்தது. தேர்தல் எதுவும் நடக்கவில்லை. மத்தியானத்துக்குள் அக்கரை முழுக்க வால் படம். பெருச்சாளி வந்து வளையைக் காலி பண்ணச் சொன்னது. "தப்பா நினைக்காதிய. பெரியவங்க பழமொழி ஒண்ணு இருக்கு" என்றது.

அதன் பின்னாலேயே கீரி வந்தார், தலையைச் சொறிந்துகொண்டு.

"அண்ணாச்சி, எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் கெடையாது..."

"தெரியும்" என்றார் சன்னாசி. அத்தனை மேடைக்கும் சேர்த்து அப்போதுதான் பயந்தார். "எம் பிள்ளைகள விட்ரு. உங்கால்ல விழுதேன்."

"முட்டை எங்க இருக்கு, அத மட்டும் சொல்லுங்க."

கோமு முன்னால் வந்தாள். "சொல்லுதேன். அந்தக் கொடிமேடைக்குள்ள இருக்கு. தோண்டி எடுத்துக்கிடுங்க."

கீரி திரும்பிப் பார்த்தார். மேடை அப்படியே இருந்தது, மேலே துணி மட்டும் மாறி வால் கொடி பறந்தது.

"நான் பொறந்ததுல இருந்து பாக்கேன்" என்றாள் கோமு. "இந்தக் காட்டுல தோண்டாத எடம் இல்ல. ரோட்டத் தோண்டுனாவ, குளத்தத் தோண்டுனாவ, செத்தவன் குழியத் தோண்டுனாவ. கொடிமேடையில மட்டும் எவனும் கை வச்சதில்ல. ம், தோண்டுங்க."

கீரிக்கு வேர்த்துவிட்டது. "அய்யோ, கட்சிக் கொடிமேடையத் தோண்டுனா கலவரம்லா வரும்! என் தோல உரிச்சிருவாவ."

அன்று மாலையே மேடைக்குக் காவல் போட்டார்கள். எதிர்க்கட்சி ஆமை ஒன்று மேடையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது, சதி ஏதோ இருக்கிறது என்று கீரிதான் தகவல் கொடுத்திருந்தார். அவரையே காவலுக்கு நிறுத்தினார்கள்.

ஆவுடையப்பன் தன் வளைக்குத் திரும்பி வந்தார். சன்னாசி வெட்கத்தை விட்டு அவரிடம் போய், "ஒரே ஒரு தடவை தேய்ச்சு விடுங்க" என்றார்.

"அன்னைக்கு ஆத்து நடுவுல வச்சுக் கேட்டிருக்கலாம்" என்றார் ஆவுடையப்பன். "இன்னைக்கு நான் ஆளுங்கட்சி. உங்க முதுகத் தொட்டேன்னு தெரிஞ்சா எனக்கு வீடு இருக்காது."

அவர் மனைவி மட்டும் ஆள் பார்க்காத நேரமாக வந்து, கோமுவுக்கு ஒரு கட்டுக் கீரையை வைத்துவிட்டுப் போனாள். கோமு அந்தக் குட்டிச் செதிலை அவளிடம் திருப்பிக் கொடுத்திருந்தாள்.

வளையில்லாத இருவரும் மேடை ஓரத்திலேயே வெயிலில் கிடந்தார்கள். முட்டை பொரிவதற்குள் காளை எத்தனை முறை வாலை ஆட்டியது, எத்தனை முறை கொம்பை ஆட்டியது என்று நான் சொல்லப்போவதில்லை, எனக்கே குழம்பிவிட்டது. கொடி மாறிக்கொண்டே இருந்தது. காவல் மட்டும் மாறவில்லை. பாவம் கீரி, மழையிலும் வெயிலிலும் அந்த மணலைக் கண்ணிமைக்காமல் காத்தார்.

ஒரு நாள் காலையில் மேடைக் கல்லின் இடுக்கில் மணல் அசைந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகள் தலை நீட்டின. கோமு அழுதாள், சிரித்தாள். ஒவ்வொன்றின் முதுகும் ஈரமாக, ஒரு எழுத்துகூட இல்லாமல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. கட்சி மண்ணில் பிறந்த சிங்கக்குட்டிகள் என்று யாரோ கோஷம் போட்டார்கள். அக்கரைக் காட்டாட்டுப் பையன்கள் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்கள்.

கூட்டத்தைப் பார்த்துப் பயந்துபோன மூத்தபிள்ளை, சன்னாசியின் கழுத்தடியில் ஒண்டிக்கொண்டு கேட்டது: "அப்பா, நாம எந்தப் பக்கம்?"

சன்னாசி கழுத்தை முடிந்தமட்டும் நீட்டி மேலே பார்த்தார். காற்றில்லாமல் கொடி கம்பத்தில் சுருண்டு கிடந்தது. கொம்பா வாலா என்று தெரியவில்லை.

"கொஞ்சம் பொறு மக்கா" என்றார். "காத்து அடிக்கட்டும், பாத்துச் சொல்லுதேன்."

நீதி: அண்டை அயலாரை நேசி, வாக்கு எண்ணி முடித்த பிறகு தொடங்கினால் போதும்.